கல்லெழுத்தைப் படம் பிடித்தவர்

நிழற்படம் நன்கு அமையாவிடில் கருவியைக் குறை கூறுவது நம் வழக்கம். 1858-ஆம் ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயிலின் முன் நின்ற கேப்டன் லின்னேயஸ் டிரைப் அக்குறையைக் கூறியிருந்தால் எவரும் மறுத்திரார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த இவர், 1854-இல் பேளூர், ஹளேபீடுக் கோயில்களைப் படமெடுத்துப் பழகினார். 1855-இல் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் பர்மா சென்று, 200-க்கு மேற்பட்ட எதிர்ப்படங்களோடு மீண்டார். அடுத்த ஆண்டே சென்னை மாகாண அரசு அவரைத் தன் நிழற்படக்காரராக அமர்த்தியது.

அன்றைய கருவி எத்தகையது? ஏறத்தாழ 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் உடைய தாளைக் கொள்ளும் பெட்டி. கண்ணாடித் தகடாயின், ஈரம் உலருமுன் படமெடுத்து அப்போதே கழுவியாக வேண்டும். நம் வெயிலில் அது பெரும்பாடு. மெழுகூட்டிய தாளையோ முன்னரே பதப்படுத்தி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அஃது ஒளி பெற நெடுநேரம் ஆகும். அசையும் மனிதர் படத்தில் மறைந்தே போவர். கல்லுக்கு அத்தொல்லை இல்லை. எப்பொருளுக்கு எம்முறை பொருந்தும் என்பதைப் பர்மாவில் பட்ட பாடே அவருக்குக் கற்பித்திருக்கும் என்பது என் துணிபு.

விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி இராசராசன் காலக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. ஒரே படத்துள் அடக்கினால் எழுத்துத் தெரியாது. ஆகவே சுவரினின்று ஒரே தொலைவில் கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, 21 படங்கள் எடுத்து ஒட்டினார்; நீளம் ஏறத்தாழ 19 அடி! விமானத்தின் எழிலையும் படமாக்கியவர்தாம்; இங்கே அவர் நாடியது எழுத்து ஒன்றையே. ஹூல்ஸ் அக்கல்வெட்டுகளை அச்சேற்றத் தொடங்கியது 1891-இல்தான். 1859-இல் ஆளுநராக வந்த டிரெவெல்யனோ, செலவைக் காரணங்காட்டி டிரைப்பின் பணியை முடித்துவைத்தார்.

வட சிலாங்கூர்த் தோட்டங்களில் அசையாப் பொருள்களும் அசைந்துவிட்டன. எங்கள் பக்கத்துத் தோட்டக் கோயிலொன்றில், திருப்பணிக்கு ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி எனத் தந்த பால்மரத் தொழிலாளர்தம் பெயர் வெட்டிய கல் ஒன்று இருந்தது. கோயில் இடம் மாறியபோது கல் உடன் வரவில்லை. தேடியலைந்த எனக்குப் பழைய மாணவர் ஒருவர் தம் பெற்றோரின் திருமணப் படத்தைக் கொணர்ந்தார். மணமக்கள் தெளிவாக நிற்கின்றனர். பின்னே அக்கல், மாப்பிள்ளையின் தோள் பாதியை மறைக்க, மீதி மங்கிக் கிடக்கிறது. உருப்பெருக்கியின் துணையால் நான் படித்தவை மூன்று பெயர்கள்.