கரும்புத் தோட்டத்திலிருந்து சில்லு வரை: சிம்பாங் அம்பாட் வட்டாரமும் விநியோகச் சங்கிலிப் பாடத்தின் வரலாறும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், செபராங் பிறை தெற்கு மாவட்டத்தில் இருக்கிறது சிம்பாங் அம்பாட். ஊரில் ரயில் நிலையம் உண்டு. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையும் பக்கத்திலேயே ஓடுகிறது. மேற்கே சில கிலோமீட்டர் போனால் பத்து காவான் தொழிற்பேட்டை. அங்கிருந்து கடலைக் கடந்து தீவின் பத்து மாவுங் வரை நீள்கிறது, 2014 மார்ச் 1 அன்று திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம். வணிக நிர்வாகம் படிக்கும் இளங்கலை மாணவருக்கு விநியோகச் சங்கிலி உத்தியைக் கற்றுக்கொடுக்க இதைவிடத் தோதான வட்டாரம் மலேசியாவில் அதிகம் இல்லை. ஆனாலும் அந்தப் பாடத்துக்கான உலகப் பாடநூல்களில் நிறைந்திருப்பவை அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள்தான். பாடம் எந்த வழியாக இளங்கலை வகுப்புக்கு வந்து சேர்ந்தது என்று பார்த்தால் இதன் காரணம் விளங்கும்.

பாடம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணில் சங்கிலி இருந்தது. 1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கெடாவிடமிருந்து பெற்ற இந்தப் பெருநிலத் துண்டுக்கு வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் வைத்தது. பத்து காவானில் முதலில் கரும்பு போட்டவர்கள் சீனத் தியோசியூ விவசாயிகள். 1840களில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் வந்தார்கள். அவர்களுக்கு வேலை செய்ய நாகப்பட்டினத்திலிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினார்கள். வெட்டிய கரும்பு காத்திருக்காது. நேரம் ஆக ஆகச் சாற்றில் சர்க்கரை குறையும். அதனால் ஆலை தோட்டத்துக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஆலையிலிருந்து வெளிவரும் சர்க்கரை வேறு சாதி: கெடாது, ஆனால் கனம் அதிகம், எடைக்கு விலை குறைவு. அதற்கு நீர்வழிதான் கட்டுப்படியாகும். சரக்கின் தன்மை ஆலையின் இடத்தையும் பயண வழியையும் தீர்மானித்தது. இன்று வகுப்பில் உத்தி என்று நடத்தப்படுவதன் அடிப்படை இதுதான்.

இந்த ஏற்பாட்டின் விலையைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910-இல்தான் ஒழிந்தது. அதையொட்டிய ஆண்டுகளில் கரும்பும் மறைந்து ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. பத்து காவான் தோட்டம், வால்டோர் தோட்டம் என்ற பெயர்களை இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன.

அதே காலத்தில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் வேறொரு வணிகக் கல்வி நடந்துகொண்டிருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேருகிற சிறுவன் அடுத்தாள் ஆகி, பிறகு மேலாள் ஆவான். ஏஜண்டுகள் சுமார் மூன்றாண்டு தவணையில் கடல் கடந்து வந்து கடையை நடத்திவிட்டு ஊர் திரும்புவார்கள். கணக்கும், கடன் கேட்பவரை எடைபோடும் கண்ணும் வேலையோடு வேலையாகப் படிந்தன. பரீட்சையும் இல்லை, பாடநூலும் இல்லை. அனுபவமே பள்ளிக்கூடமாக இருந்த முறை அது.

பல்கலைக்கழகங்கள் இந்த அறிவை வகுப்பறைக்குள் கொண்டுவரத் தொடங்கியது 20-ஆம் நூற்றாண்டில். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் விரிவுரை நிகழ்த்திய ஆர்ச் ஷா, சரக்கு விநியோகத்தின் சிக்கல்களைப் பற்றி 1915-இல் நூல் எழுதினார். 1919-இல் லண்டனில் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எட்வர்டு ஸ்மைக்கே, டொனால்டு பவர்சாக்ஸ் முதலியோர் எழுதிய பொருள் விநியோக மேலாண்மைப் பாடநூல் 1961-இல் வந்தது. இந்தக் கட்டம் முழுக்க லாரி வாடகை, கிடங்குச் செலவு, கையிருப்புக் கணக்கு என்றே பாடம் நடந்தது. எப்படி மலிவாக அனுப்புவது என்பதே கேள்வி.

கேள்வியை மாற்றியது ஒரு விளையாட்டு. எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் 1950களின் பிற்பகுதியில் தொழில் இயக்கவியலை உருவாக்கினார். அதை விளக்க அங்கே வடிவமைத்த பலகை விளையாட்டுதான் பீர் விளையாட்டு. சில்லறைக் கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர் வரிசையாக உட்கார்வார்கள். ஒருவரோடொருவர் பேசக் கூடாது; ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். ஒவ்வொருவரிடமும் 12 பெட்டி கையிருப்பு. ஒரு பெட்டியை ஒரு வாரம் வைத்திருந்தால் அரை டாலர் செலவு. கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் போனால் பெட்டிக்கு வாரம் ஒரு டாலர். அனுப்பிய சரக்கு போய்ச் சேர இரண்டு வாரம் ஆகும். வாடிக்கையாளர் முதல் நான்கு வாரம் வாரத்துக்கு 4 பெட்டி கேட்பார். ஐந்தாம் வாரம் 8 ஆகும். அதன்பின் 8-லேயே நிற்கும். நடப்பது அவ்வளவுதான். ஆனால் கடைக்காரர் பதறிக் கூடுதலாக ஆர்டர் போடுவார்; மொத்த வியாபாரி அதைப் பார்த்து இன்னும் கூட்டுவார்; ஆலைக்குப் போய்ச் சேரும்போது தேவை பல மடங்காகத் தெரியும். சரக்கெல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும்போது யாருக்கும் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் வாடிக்கையாளர்தான் ஏற்ற இறக்கமாகக் கேட்டார் என்று ஆடியவர்கள் அடித்துச் சொல்வார்கள்.

ஜான் ஸ்டெர்மன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மனக்காரணத்தைக் காட்டியது: தாங்கள் கேட்டு இன்னும் வந்து சேராத சரக்கை மனிதர்கள் போதிய அளவு கணக்கில் எடுப்பதில்லை. ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூவரும் 1997-இல், தேவை சங்கிலியில் மேலே போகப் போகப் பெரிதாகும் இந்தச் ‘சாட்டை விளைவு’க்கான நிறுவனக் காரணங்களை அலசினார்கள். இளங்கலை மாணவருக்கு இவ்வளவு பொருத்தமான கருவி வேறு இல்லை என்பதே இக்கட்டுரையின் கணிப்பு. ஆடுவதற்கு வேலை அனுபவம் தேவையில்லை; தவறு அங்கேயே, தன் கையாலேயே நடக்கிறது. மலேசிய வகுப்பில் பீருக்குப் பதில் பால் டின் என்று வைத்துக்கொண்டாலும் பாடம் ஒரு துளியும் குறையாது.

விநியோகச் சங்கிலி மேலாண்மை என்ற சொல்லை ஆலோசகர் கீத் ஆலிவர் 1982-இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பாடத்தின் உள்ளடக்கமே மாறிப்போனது. எச்.பி. நிறுவனத்தின் டெஸ்க்ஜெட் அச்சுப்பொறியைப் பற்றி 1994-இல் ஸ்டான்ஃபோர்டில் எழுதப்பட்ட நிகழ்வாய்வு, ஒவ்வொரு நாட்டுக்குமான மின்பகுதியையும் கையேட்டையும் கடைசிக் கட்டத்தில் சேர்த்தால் எவ்வளவு கையிருப்பு மிச்சமாகும் என்று காட்டியது. மார்ஷல் ஃபிஷர் 1997-இல் தேவை நிலையாக உள்ள பொருளுக்குச் சிக்கனமான சங்கிலி, தேவையைக் கணிக்க முடியாத புதுப்பொருளுக்கு வேகமாக வளைந்துகொடுக்கும் சங்கிலி என்று அட்டவணை போட்டுப் பிரித்தார். சோப்ரா–மைண்டல் பாடநூல் உத்தி என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு 2001-இல் வந்தது. எப்படி மலிவாக அனுப்புவது என்ற கேள்வி போய், இந்தப் பொருளுக்கு எந்தச் சங்கிலி என்ற கேள்வி வந்தது. பத்து காவான் கரும்பு ஆலை எதிர்கொண்ட அதே கேள்வி.

பாடம் இப்படி வளர்ந்த ஆண்டுகளில் பினாங்கு சும்மா இருக்கவில்லை. தடையற்ற துறைமுகத் தகுதி 1960களின் இறுதியில் பறிபோய் வேலையில்லாத் திண்டாட்டம் தலைதூக்கியபோது, 1969-இல் முதலமைச்சரான லிம் சோங் யூ ஏற்றுமதித் தொழிலை நம்பினார். 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வளாகம் பிறந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே அமைத்தது. மின்னணுச் சில்லு, சர்க்கரைக்கு நேர் எதிரான சரக்கு: எடை சொற்பம், விலை அதிகம், நாள்பட்டால் மதிப்பு இறங்கும். அது விமானத்தில் பறந்தது. விமான நிலையம் வளாகத்தின் பக்கத்திலேயே இருந்தது. 1996-இல் டெல் நிறுவனம் ஆசிய வாடிக்கையாளருக்கு ஆர்டர் வந்த பிறகு கணினியைப் பூட்டும் ஆலையைப் பினாங்கில் திறந்தது. உலக வகுப்பறைகளில் டெல்லின் நேரடி விற்பனை முறை ஓயாமல் பேசப்பட்ட காலத்தில், அந்த முறையின் ஆசியக் கை இங்கேதான் இயங்கியது.

கல்வி நிலையங்களும் வளர்ந்தன. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969-இல் பினாங்கில் தோன்றியது. 1984-இல் கெடாவில் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் இன்று தொழில்நுட்ப மேலாண்மைக்கும் சரக்காற்றலுக்கும் தனிப் புலமே இருக்கிறது. 1989-இல் வந்த பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் தொழிற்சாலைகளையே கல்வியின் பங்காளிகளாக்கியது.

இத்தனை இருந்தும் சிக்கல் எங்கே என்றால், உத்திப் பாடம் வகுப்புக்கு வந்த வாசல் முதுகலை. அதன் நிகழ்வாய்வுகள் வேலை பார்த்துவிட்டுப் படிக்க வந்தவர்களுக்காக எழுதப்பட்டவை. கிடங்கையே பார்த்திராத இருபது வயது மாணவரிடம், நீங்கள் ஒரு நிறுவனத்தின் துணைத் தலைவர், முடிவெடுங்கள் என்று கேட்கின்றன. புகழ்பெற்ற ஸ்போர்ட் ஓபர்மேயர் நிகழ்வாய்வு பனிச்சறுக்கு உடையைப் பற்றியது. தேவைக் கணிப்புக்கு அருமையான பாடம். ஆனால் பனியே காணாத, இதே வட்டாரத்து நிபோங் திபால் மாணவர் பொருளைப் புரிந்துகொள்வதிலேயே பாதி நேரத்தைச் செலவிட வேண்டியிருக்கிறது.

பத்து காவானில் ஒரு நாள் சுற்றினால் ஃபிஷரின் அட்டவணை கண்முன் விரியும். 2019 மார்ச்சில் திறந்த ஐக்கியா கடையில், பிரித்துத் தட்டையாக அடுக்கிய பெட்டிகள். ஒரு கொள்கலனில் எத்தனை அலமாரி அடங்கும் என்பது வரைபடம் போடும்போதே முடிவாகிவிடுகிறது. பக்கத்தில் லாம் ரிசர்ச், 2021-இல் திறந்த சுமார் 800,000 சதுர அடி ஆலையில், சில்லு தயாரிக்கும் கருவிகளைச் செய்கிறது. எண்ணிக்கை குறைவு, பாகங்களோ ஏராளம்; ஒரு பாகம் வராவிட்டால் முழு எந்திரமும் நிற்கும். பாஸ்டன் சயன்டிஃபிக்கின் மருத்துவக் கருவி ஆலையில் அட்டவணையே தடுமாறுகிறது. தேவையை ஓரளவு கணிக்கலாம். ஆனால் கையிருப்பு தீர்ந்தால் இழப்பு விற்பனையோடு நிற்காது, நோயாளியைப் போய்ச் சேரும். சிக்கனம், வேகம் என்ற இரண்டே கட்டம் போதாது என்று மாணவர் தானே கண்டுகொள்வார். கோட்பாட்டின் எல்லையைக் காட்டுகிற பாடம்தான் உத்திப் பாடம்.

2021 ஆகஸ்டில் ஜொகூர் மாநிலம் மூவாரில் இருந்த சில்லு ஆலை கோவிட் தொற்றால் இடைநின்றது. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் ஃபோர்டு தன் எஃப்-150 லாரி உற்பத்தியை நிறுத்தி, மலேசியாவில் ஏற்பட்ட பாகத் தட்டுப்பாட்டைக் காரணமாகச் சொன்னது. உலகம் மலேசியாவைப் பாடமாகப் படித்த மாதம் அது.

வடக்கு வட்டார வணிகப் புலங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இளங்கலை மாணவர் ஒரே வகுப்பில் வாசித்து விவாதிக்கக்கூடிய நாலைந்து பக்க நிகழ்வாய்வுகளை இந்த வட்டாரத்திலிருந்தே எழுத வேண்டும்: கரும்பு ஆலை, 1972 இன்டெல், டெல், இன்றைய பத்து காவான். அவற்றில் தோட்டத் தொழிலாளியும், இன்று ஆலை வரிசையில் நிற்கும் வெளிநாட்டுத் தொழிலாளியும் வெறும் செலவுக் கணக்காக இல்லாமல் மனிதராக இடம்பெற வேண்டும். தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளில் படித்துப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் தங்கள் ஊரை முதல் எடுத்துக்காட்டாகக் காணட்டும். அதை எழுதித் தரும் பொறுப்பு அவர்களுடைய விரிவுரையாளர்களுடையது.