பட்டாசுக்கு முன்னால் படம் வந்த கதை

எங்கள் சிவகாசியில் பட்டாசுக்கு உள்ள பெயர் அச்சுத் தொழிலுக்கும் உண்டு. ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்தில், எந்த எழுத்தை எந்த அறையில் போடுவது என்பது கைக்கு எட்டும் வசதியைப் பொறுத்தது. அகராதி வரிசை கம்பாசிட்டரின் மனதில் இருந்தது. கணினியோ, எழுத்துக்குக் கொடுத்த அறை எண்ணையே வரிசை என்று நம்பிவிடும்.

'பட்டாசு', 'படம்' இரண்டையும் அடுக்கிப் பாருங்கள். அகராதியில் 'ட்' முன்னே, 'ட' பின்னே. ஆகவே பட்டாசுதான் முதலில். எழுத்துகளின் எண்ணை மட்டும் ஒப்பிடும் கணினியில் படம் முந்திக்கொள்ளும். காரணம், அங்கே 'ட்' என்பது ட-வும் புள்ளியும் சேர்ந்தது; புள்ளியின் எண், மெய்களின் எண்களுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது.

நம் நெடுங்கணக்கு பழையது. அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் 30 எழுத்துகளைத் தொல்காப்பியமே சொல்கிறது. 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகரவரிசையில்தான் அமைத்தார்.

1988-இல் வந்த 'இஸ்கி' முறை, இந்திய எழுத்துகள் பலவற்றுக்கும் தேவநாகரி வரிசையில் பொதுவான ஒரு கட்டப் பலகை போட்டது. ஒரு மொழியின் எழுத்தை இன்னொன்றுக்கு மாற்ற அது எளிது. ஆனால் ன, ந-வுக்குப் பக்கத்திலும், ற, ர-வுக்குப் பக்கத்திலும் போயின. வ-வுக்கு முன்பே ழ வந்தது. க-வுக்கும் ங-வுக்கும் இடையே மூன்று கட்டங்கள் காலி. 1991-இல் யூனிகோடும் அதே அமைப்பை எடுத்துக்கொண்டது.

2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு 'டேஸ் 16' என்ற முறையையும் தரமாக ஏற்றது. இதில் க், க, கா, கி என ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கு வரிசையிலேயே தனி இடம். எண்ணை ஒப்பிட்டாலே போதும். வேறு கணக்கு வேண்டாம். எளிமையில் இதற்கு இணையில்லை. ஆனால் உலகம் யூனிகோடில் எழுதுகிறது. அங்கே வரிசைக்கென்று தனி அட்டவணை உண்டு. மென்பொருள் அதைப் பார்த்து அடுக்கினால் பட்டாசு தன் இடத்துக்கு வந்துவிடும்.

நூலகப் பட்டியலிலோ வாக்காளர் பட்டியலிலோ ஒரு பெயரைத் தேடுகிறவர், அது இருக்க வேண்டிய இடத்தில்தான் பார்ப்பார். அங்கே இல்லையென்றால், பெயரே இல்லை என்று திரும்பிவிடுவார். அதனால் பட்டியல் தயாரிக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அடுக்கும் முன் தமிழ் வரிசையைத் தேர்ந்தெடுங்கள்; முடிந்ததும் ழ, ற, ன எங்கே நிற்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்.