வாலையும் வரியும்

சாராயம் காய்ச்சுபவரின் கைத்திறன் ஊறல் போடுவதிலோ அடுப்பு எரிப்பதிலோ தெரிந்துவிடுவதில்லை. காய்ச்சி வடிக்கும் கலமான வாலையிலிருந்து இறங்குவதை எந்த நொடியில் பிடிக்கத் தொடங்குவது, எந்த நொடியில் நிறுத்துவது என்பதில்தான் தெரியும். முதலில் வரும் தலைப்பகுதி மூக்கைத் துளைக்கும், எளிதில் ஆவியாகும் பொருள்கள் மிகுந்தது. நடுவில் வருவதே குடிக்கத் தக்கது. கடைசியில் வரும் வாலில் வீரியம் குறையும், எண்ணெய்ப் பிசுக்கும் நனைந்த நாயின் வாடையும் ஏறும். நடுப்பகுதி எங்கே முடிகிறது என்பதை மூக்கும் நாக்கும்தான் தீர்மானித்தன என்று எண்ணத் தோன்றும். ஸ்காட்லாந்தின் வரலாற்றைப் பார்த்தால், அந்த முடிவில் வரிச் சட்டத்துக்கும் பெரிய பங்கு இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

1786இல் தெற்கே தாழ்நிலப் பகுதியின் வடிசாலைகளுக்கு வரி விதிக்கும் முறை மாறியது. வடித்த சாராயத்தை அளப்பதை விட்டுவிட்டு, வாலையின் கொள்ளளவைப் பார்த்து ஆண்டுக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள். கேலனுக்கு ஒன்றரைப் பவுனில் தொடங்கிய அந்தக் கட்டணம் 1797இல் 54 பவுனாகியிருந்தது. ஒரு வாலைக்குக் கட்ட வேண்டியது நிலையான தொகை என்றால், அதில் எத்தனை முறை வடிக்கிறோமோ அத்தனை லாபம். உடனே வாலையின் வடிவமே மாறியது. அடி அகன்று, உயரம் குறைந்து, தட்டுப் போன்ற கலங்கள் வந்தன. மணிக்கணக்கில் நடந்த வேலை சில நிமிடங்களுக்குச் சுருங்கியது. அந்த வேகத்தில் ஆவி செம்புச் சுவரில் குளிர்ந்து திரும்பக் கீழே விழ நேரமில்லை. தலையும் நடுவும் வாலும் ஒன்றோடொன்று கலந்தே இறங்கின. எவ்வளவு தேர்ந்த மூக்காக இருந்தாலும், எல்லையே அழிந்த இடத்தில் எதைப் பிரிப்பது? இத்தனைக்கும், ஒதுக்கும் வால் வீணாவதில்லை. அடுத்த வடிப்பில் சேர்த்துத் திரும்பக் காய்ச்சலாம். சரியான இடத்தில் நிறுத்துபவர் இழப்பது நேரமும் விறகும்தான். அந்த நேரத்தைத்தான் சட்டம் பொன்னாக்கிவிட்டது.

தாழ்நிலச் சரக்கில் பெரும்பகுதி லண்டனுக்குப் போய் மறுபடி வடிக்கப்பட்டு ஜின் ஆனதே, அங்கே தரம் எதற்கு என்று கேட்கலாம். அந்தச் சரக்குக்கு அது பொருந்தும். உள்ளூரில் அதையே வாங்கிக் குடித்தவர்களுக்கு அது பதிலாகாது. மலைநாட்டில் திருட்டுத்தனமாகக் காய்ச்சியவர்களுக்கும் அவசரம் இருந்திருக்குமே என்பது இதைவிட வலுவான கேள்வி. ஆயத்தீர்வை அதிகாரியைப் பற்றிய அச்சம் அவர்களுக்கு இருந்தது உண்மை. ஆனால் வரியே கட்டாதவருக்குக் கலத்தின் ஒவ்வொரு நிமிடத்தையும் பணமாக்கும் கட்டாயம் இல்லை. சிறிய வாலையில், மெல்லிய தீயில், இரண்டு முறை வடிக்க அவரால் முடிந்தது. அவர் முளைகட்டிய பார்லியையே பயன்படுத்தினார், தாழ்நிலத்தார் முளைக்காத தானியத்தையும் கலந்தார் என்பதும் சுவை வேறுபாட்டுக்கு ஒரு காரணம், அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் நல்ல தானியத்தின் சுவையையும் அவசர வடிப்பு கெடுத்துவிடும். 1822இல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னருக்கே மலைநாட்டில் திருட்டுத்தனமாக வடித்த கிளென்லிவெட் விஸ்கி தேடித் தரப்பட்டதாக எலிசபெத் கிராண்ட் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

1823ஆம் ஆண்டுச் சட்டம் உரிமக் கட்டணத்தை 10 பவுனாக வைத்து, மீதி வரியை வடித்த சாராயத்தின் அளவின் மேல் போட்டது. மெதுவாக வடிப்பவர் இனி தண்டனை பெறவில்லை. பின்னர், வரி ஏய்ப்பைத் தடுக்க, சட்டப்படி சாராயம் பூட்டிய கண்ணாடிப் பெட்டி வழியாக ஓடியது. வடிப்பவர் அதைத் தொடவோ சுவைக்கவோ முடியாது. நாக்கு இல்லாமல் எப்படி என்ற ஐயம் நியாயமானது. அதற்கும் வழி கண்டார்கள். பெட்டிக்குள்ளேயே தண்ணீர் கலந்து பார்த்தார்கள்: கலங்கினால் இன்னும் தலைப்பகுதி, தெளிந்தால் நடுப்பகுதி. வாலுக்கு வீரியமானியின் அளவு துணை நின்றது. நாக்கைப் பறித்த சட்டத்தின் கீழ் நல்ல விஸ்கி பிறந்தது. நேரத்தைப் பறித்த சட்டத்தின் கீழ் பிறக்கவில்லை. கிளென்லிவெட் பள்ளத்தாக்கின் ஜார்ஜ் ஸ்மித் 1824இல் உரிமம் வாங்கிச் சட்டப்படி வடிக்கத் தொடங்கினார்.