பார்வை மான்

ஏழாயிரம்பண்ணை என்றதும் இன்று யாருக்கும் மான் நினைவுக்கு வராது. தீப்பெட்டி ஆபீசும் பட்டாசும்தான் நினைவுக்கு வரும். சுற்றிலும் கரிசல் மண்; மேற்கே வெகு தூரத்தில் மலை. ஆனால் எங்கள் ஊர் ஒரு காலத்தில் பாளையம். பாளையம் என்றால் கோட்டை உண்டு; கோட்டை உண்டென்றால் ஆயுதம் உண்டு; போர் இல்லாத நாளில் அந்த ஆயுதத்துக்கு வேட்டைதானே வேலை? வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் சேர்த்து அன்று துப்பாக்கியில் கெட்டித்தார்கள். இன்று காகிதக் குழாயில் கெட்டிக்கிறார்கள். மருந்து மாறவில்லை, குறிதான் மாறிவிட்டது.

கரிசல் வெளியின் மான் வெளிமான். அதன் தென்கோடி மிச்சத்தை இன்று வல்லநாட்டுக் குன்றில் காணலாம். மலைப்பக்கத்து மான் மிளா. கடமான் என்றும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது முக்கியமாக இந்த மிளாவைப் பற்றியும், அதிலும் பெண் மிளாவைப் பற்றியும்.

மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில் ஆண் மிளாவுக்குப் பித்துப் பிடிக்கிறது. சேற்றில் புரள்கிறது, மரப்பட்டையில் கொம்பை உரசுகிறது, காடு அதிரக் குரல் கொடுக்கிறது. மற்றக் காலத்தில் நிழலைக் கண்டும் மிரளும் பிராணி, அப்போது தன் இருப்பிடத்தைத் தானே பறையறைந்து சொல்கிறது. வேடனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆணின் குரலைத் தொடர்ந்து போனால் பெண் கூட்டம் இருக்கும் இடம் தெரிந்துவிடும். பெண் கூட்டத்தைக் கண்டுபிடித்துக் காத்திருந்தால் ஆண் தானாகவே வந்து சேரும்.

ஆனால் அதில் ஒரு சங்கடம். ஆணுக்குத்தான் பித்தே தவிர, பெண்ணுக்கு இல்லை. காற்று சற்றுத் திசை மாறி மனித வாடையைக் கொண்டுவந்தால் முதலில் காது நிமிர்வது பெண்ணுக்குத்தான். குளம்பால் தரையைத் தட்டி, வாலை உயர்த்தி, உரத்த ஒரு குரல் எழுப்பும். அவ்வளவுதான், பரண் மேல் விடிய விடியக் கொசுக்கடி பட்டவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். ஆகவே அந்தப் பருவத்தில் வேட்டைக்குப் போகிறவன் ஏமாற்ற வேண்டியது ஆணை அல்ல, பெண்ணை. பறை அடித்து ஆட்களைக் கொண்டு காட்டைக் கலைக்கும் வேட்டையில் கதை வேறு. அங்கே முதலில் வெளியே ஓடிவருவது பெரும்பாலும் பெண்ணும் குட்டியும். கிழட்டு ஆண் புதருக்குள் பதுங்கிக் கிடந்து கடைசியில் நழுவிவிடும். பொறுமையில்லாத துப்பாக்கிக்குப் பலியாவது பெண்தான். வயிற்றில் எட்டு மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனுகிற பிராணி அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெண்ணை ஏமாற்றுவதைக் காட்டிலும் அதையே கையாளாக்கிக்கொள்ளலாமே என்று நினைத்த வேடர்களும் இருந்தார்கள். ஒரு பெண்மானைப் பிடித்துப் பழக்கி, காட்டு மானை ஈர்ப்பதற்காகக் கட்டி வைப்பார்கள். அதற்குப் பார்வை என்று பெயர். புறநானூற்றின் 320-ஆம் பாட்டில் அப்படி ஒரு பார்வை மான் வருகிறது. முன்னூற்றுச் சொச்சம் பாட்டுக்கு மேல், அரசர்களும் யானைகளும் முரசுகளும் கடந்து போன பிறகு, திடீரென்று ஒரு வேடன் வீட்டு முற்றம். கொடி படர்ந்த நிழலில் அவன் அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறான். தனியாகத் திரிந்த ஒரு கலைமான் வந்து, கட்டி வைத்த பிணையோடு கூடி விளையாடத் தொடங்குகிறது. எதற்காகப் பார்வை வைத்தார்களோ அது நடந்துவிட்டது. மனைவி பார்த்துவிட்டாள். கணவனைத் தொட்டு எழுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அவள் எழுப்பவில்லை. கணவன் விழித்துவிடுவானோ என்று ஓர் அச்சம். சத்தம் கேட்டுக் கலை பிணையைப் பிரிந்து ஓடிவிடுமோ என்று மற்றோர் அச்சம். வீட்டுக்குள் நடக்கவும் அஞ்சி ஒடுங்கி நிற்கிறாள். முற்றத்தில் காயப்போட்ட தினையைக் காட்டுக்கோழியும் இதலும் வந்து தின்கின்றன. அதைக்கூட அவள் விரட்டவில்லை.

இவளை ஏதோ கொல்லாமை விரதம் பூண்டவள் என்று எண்ணிவிட வேண்டாம். தினை காய்ந்ததே ஒரு மான்தோலின் மேல்தான்! சந்தனக் கட்டை நெருப்பில் சுட்ட இறைச்சியை விருந்தினர்க்குப் பகிர்ந்து கொடுக்கும் வீடு அது. அவள் மறுத்தது வேட்டையை அல்ல. அந்த நேரத்து வேட்டையை. பாரதத்தில் பாண்டு மன்னன் இந்த வித்தியாசம் தெரியாமல் அம்பு விட்டான். மான் வடிவில் மனைவியோடு கூடியிருந்த முனிவரின் சாபத்துக்கு ஆளானான். அரசனுக்குச் சாபத்தின் மூலம் வந்து சேர்ந்த அறிவு, இந்த வேட்டுவப் பெண்ணுக்கு யாரும் சொல்லாமலே இருந்திருக்கிறது.

பிறகு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். இலங்கை மலைகளில் மிளாவைக் கண்டு அதற்கு 'எல்க்' என்று பெயர் வைத்தார்கள். உண்மையில் ஐரோப்பாவில் எல்க் என்பது வேறொரு மிருகம், அமெரிக்காவில் இன்னொன்று. மூன்றாவதாக நம் மிளாவுக்கும் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டார்கள்! 1840-களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்தை ஏவி அதை நீருக்குள் துரத்தி, கத்தியால் குத்திக் கொல்வதை உயர்ந்த விளையாட்டாகக் கருதி 1850-களில் புத்தகமே எழுதினார். நீலகிரியிலும் துரைமார் சுட்டுத் தள்ளினார்கள். மான் அருகிவிட்டது. அதன் பிறகு 1879-இல் நீலகிரிக்கென்று வேட்டைப் பிராணிகளைக் காக்கும் சட்டம் போட்டார்கள். குறித்த மாதங்களில் வேட்டை கூடாது. பெண்மானைச் சுடுவது கனவானுக்கு அழகல்ல என்று அவர்களிடையே ஒரு மரபும் வளர்ந்தது. சட்டம் நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது மானின் மேல் பிறந்த இரக்கமல்ல. அடுத்த ஆண்டுக்குக் கொம்பு மிஞ்ச வேண்டுமே என்ற கவலை.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 1799-இல் மேஜர் பானர்மேன் கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டபோது, பாஞ்சாலங்குறிச்சியோடு பறிமுதலான பாளையங்களில் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று. கோட்டைகளை இடிக்கச் சொன்னார்கள். ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து வேடனின் கையிலிருந்து துப்பாக்கியும் வல்லயமும் போய் எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அவற்றைப் பறித்தவர்களின் வழிவந்தவர்கள் வேட்டை ஒழுக்கத்தை எழுதி வைத்தார்கள். அந்த ஒழுக்கத்தில் சொந்தக் காட்டில் வயிற்றுக்காக வேட்டையாடியவன் திருடன். கொம்புக்காக வேட்டையாடியவன் கனவான்.

1972-இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருவரையும் ஒருசேர நிறுத்திவிட்டது. எங்களுக்கு மேற்கே தெரியும் அந்த மலை 1988-இல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயமாயிற்று; 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. இப்போது அங்கே மிளாவுக்காகப் பதுங்கிக் காத்திருக்க உரிமை பெற்றவை புலியும் சிறுத்தையும் செந்நாயும்தான். அவை எந்தப் பருவத்தையும் பார்ப்பதில்லை. பார்வை என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் இருந்ததென்று ஊரில் சொன்னால், 'அதென்ன, மானுக்குக் கண்ணாடியா மாட்டினார்கள்?' என்று கேட்கிறார்கள்.