ஸ்காட்ஸ்டேல்: ஒப்பந்தத்தில் நடந்த தீயணைப்பு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள ஸ்காட்ஸ்டேல் நகரம், தீயணைப்பை அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தனியாரிடம் விட்டிருந்தது. அந்த நிறுவனம் ரூரல் மெட்ரோ. பத்திரிகை நிருபரான லூ விட்ஸ்மன், அண்டை வீடு எரிந்தபோது அணைக்க வழியில்லாததைப் பார்த்து, 1948-இல் சொந்தமாக ஒரு தீயணைப்பு வண்டி வாங்கி, சுற்றுவட்டாரத்தில் சந்தா வசூலித்து அந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

1951-இல் நகராட்சியானபோது ஸ்காட்ஸ்டேலின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,000. தனித் துறை வைப்பது கட்டுப்படியாகாது. விட்ஸ்மனோடு ஒப்பந்தம் போட்டார்கள். சிக்கனம் எல்லாவற்றிலும் இருந்தது. நகராட்சியின் பிற துறை ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து, தீ விபத்து என்றால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வைத்தார்கள்.

ஒப்பந்தக்காரர் தீத்தடுப்பில் அக்கறை காட்டுவாரா என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் தொகை முன்பே பேசி முடிக்கப்பட்டால், தீ குறையக் குறைய அவருக்கே ஆதாயம். தீத்தடுப்பில் நகரமும் இறங்கியது: 1985-இல் நகர மன்றம், புதிதாகக் கட்டும் தனி வீடுகளுக்கும் ஸ்பிரிங்க்ளர் (தானியங்கி நீர்த்தெளிப்பான்) கட்டாயம் என்று சட்டம் இயற்றியது. கூரையில் பதித்த முனையின் கண்ணாடிக் குமிழுக்குள் திரவம் இருக்கும். சுமார் 68 டிகிரி செல்சியஸில் அது விரிந்து குமிழை உடைக்க, முனை நீரைப் பீய்ச்சும். சினிமாவில் காட்டுவதுபோல் வீடு முழுக்கக் கொட்டாது. சூடேறிய முனை மட்டுமே திறக்கும்.

சொந்தத் துறை வேண்டும் என்ற யோசனையை 2003-இல் வாக்காளர்கள் நிராகரித்தார்கள். பின்னர் நிறுவனமே விலகிக்கொண்டது. 2005 ஜூலை 1 முதல் நகராட்சியின் சொந்தத் தீயணைப்புத் துறை பொறுப்பேற்றது. ஸ்பிரிங்க்ளர் சட்டம் அப்படியே நீடித்தது.