வானேறிய தாய்

பெண்ணுக்கு அடுப்படியே எல்லை என்போர் இன்றும் நம்மிடையே உளர். அவர்க்கு ஒரு வரலாறு கூறுவோம்.

1936-ஆம் ஆண்டு. கெடாவின் சுங்கைப்பட்டாணி, கூலிம் தோட்டங்களிலே நம் தாய்மார் இருள் பிரியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற காலம். அவ்வாண்டில் லாகூரிலே 21 வயது மங்கையொருத்தி சேலையுடுத்தபடியே 'ஜிப்சி மாத்' விமானமேறித் தனித்துப் பறந்தார். அவரே சரளா தக்ரால். அப்போது நான்கு வயதுப் பெண்மகவுக்குத் தாய்.

விமானியாகிய கணவர் சர்மா அவரை ஊக்கினார். 1939-இல் அக்கணவர் விமான விபத்தில் மாண்டார். அம்மையார் மூலையில் ஒடுங்கினாரில்லை. வணிக விமானியாக முயன்றார். உலகப்போர் மூண்டு பயிற்சி நின்றது. ஓவியம் பயின்று, கைத்திறனால் வாழ்ந்தார். 1948-இல் மறுமணமும் புரிந்தார்.

சேலை தடையன்று, மகவும் தடையன்று, கைம்மையும் தடையன்று. வீட்டார் அடைக்கும் கதவே தடை. தோழர்களே, அக்கதவைத் திறப்போம்!