தாராக் குன்றின் கல் சிவலிங்கமோ?

அயர்லாந்து நாட்டின் மீத் கோட்டத்திலுள்ள தாராக் குன்றின்மேல் ஒரு கல் நிற்கின்றது. ஆளுயரத்திற்குக் குறைந்து, முனை உருண்டு விளங்கும் அதனை அந்நாட்டார் 'லியா ஃபால்' என்பர். அதனைக் கண்டு மீளும் நம்மவருட் சிலர், அது பண்டைச் சிவலிங்கமே என்றும், சைவம் மேல்கடல் எல்லைகாறும் பரவியிருந்ததற்கு அதுவே சான்றென்றும் மகிழ்ந்துரைக்கின்றனர். சமயப்பற்றால் எழும் அம்மகிழ்ச்சியை யாம் இகழ்கின்றேமல்லேம். ஆயினும், அளவையை முதற்கண் வைத்துச் சித்தியார் அருளிய அருணந்தி சிவாசாரியர் வழிவந்தோர் அளவையின்றி ஒன்றைத் துணிதல் தகுமோ?

காட்சியாற் பெறப்படுவது, நட்டு நிற்கும் ஒரு கல் என்பது மட்டுமே. அதுகொண்டு லிங்கமெனக் கருதுதற்கு, நட்டு நிற்கும் உருண்டைக் கல்லெல்லாம் லிங்கமாதல் வேண்டும். புகை கண்டவிடத்துத் தீயுண்மை துணிவது அவ்விரண்டன் உடனிகழ்ச்சி பிறழாமையாலன்றோ? ஈண்டு அது பிறழ்கின்றது. அந்நாட்டு நெடுங்கற்கள் சிலவற்றின் அடியிற் புதைகுழி காணப்பட்டது. வேறு சில, நம் நாட்டு ஆவுரிஞ்சு கற்களைப்போல, கால்நடை உரைஞ்சுதற்கு உழவர் பிற்காலத்தே நட்டவை.

இனி, உரை. லியா ஃபாலைப் பற்றிய பழைய ஐரிஷ் ஏடுகள் அதனை முடியுரிமைக்குரிய கல்லென்றே கூறுகின்றன. உரிய அரசன் அதன்மேல் அடிவைத்தக்கால் அது முழங்குமாம். கூகுலின் என்னும் வீரன், தன் வளர்ப்பு மகன் அடிக்கீழ் அது முழங்காமை கண்டு வெகுண்டு வாளாற் பிளந்தான் என்பதும் ஒரு கதை. காலால் மிதித்தற்குரிய கல்லைச் சிவலிங்கமென்பது நமக்கன்றோ இழுக்கு! கண்ணப்பர் திருவடி பட்டமையை நினைப்பிப்பார் உளராயின், அது தன்னை மறந்த அன்பின் செயல், இஃது அரசுரிமைச் சடங்கு என்க. மேலும், இப்பொழுது நிற்கும் இடமும் அதன் பழைய இடமன்று. 1798-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அங்கு மடிந்தோர் நினைவாக 1824-இல் அது பெயர்த்து நடப்பட்டது. 'தாரா' என்பதை வடமொழித் தாரையோடு இயைப்பாரும் உளர். பழைய ஐரிஷ் வழக்கு 'தெமைர்' என்பதாம். தாரா என்பது ஆங்கிலர் வாயில் திரிந்த வடிவு.

இத்தகைய உரிமைகோரல் வெறும் சொல்லளவில் நின்றுவிடுவதன்று. இஸ்ரவேலரின் தொலைந்த குலங்களே ஆங்கிலர் என நம்பிய ஒரு கூட்டத்தார், யூதரின் உடன்படிக்கைப் பேழை தாராவிற் புதைந்துள்ளதென்று துணிந்து, 1899 முதல் 1902 வரை அங்கு அகழ்ந்தனர். யேட்ஸ், டக்ளஸ் ஹைட், ஜார்ஜ் மூர் ஆகியோர் செய்தித்தாளில் எழுதி எதிர்த்தனர். பேழை கிடைத்திலது. பண்டை மண்ணரண் ஒன்று சிதைந்தது. மண்ணடுக்குகள் ஒருமுறை கலைந்தபின் அவற்றின் வரிசையை மீட்டல் எவர்க்கும் இயலாது. அவர்களும் தம் மறைநூலின்மேற் கொண்ட பற்றாலேயே மண்வெட்டி எடுத்தனர் என்பதை நம்மவர் நினைவு கூர்க.

உரையைக் காட்சியால் ஆராயும் முறைக்கு நற்சான்றும் அதே கோட்டத்தில் உண்டு. பாயின் ஆற்றங்கரையிலுள்ள நியூகிரேஞ்சு என்னும் பெருங்கற் சமாதி ஏறத்தாழ கி. மு. 3200-இல் எழுந்தது. 97 கற்கள் அதன் அடியைச் சூழ்ந்துள்ளன. 19 மீட்டர் நீண்ட இடைகழியின் முடிவில் இருண்ட உள்ளறை உளது. அவ்வறையிற் கதிரொளி புகுமென அப்பகுதியில் ஒரு வாய்மொழி வழங்கிற்று. 1962-இல் அகழ்வு தொடங்கிய ஓகெல்லி என்னும் பேராசிரியர், அங்ஙனம் உரைப்போர் இங்கிலாந்திலுள்ள ஸ்டோன்ஹெஞ்சோடு மயங்கினர் போலும் என முதலில் எண்ணினார். ஆயின் வாயிலின்மேல் ஒரு சிறு பலகணி வெளிப்பட்டது. அவர் அவ்வாய்மொழியைத் தள்ளவுமில்லை, நம்பி அமையவுமில்லை. 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், நம் மார்கழித் திங்களில், விடியுமுன் உள்ளே சென்று காத்திருந்தார். 9 மணிக்குச் சற்றுமுன் மெல்லிய ஒளிக்கீற்றொன்று பலகணி வழியே புகுந்து, இடைகழி கடந்து, உள்ளறையை எய்தி விரிந்தது. பக்கச் சிற்றறைகளும் அவர்க்குப் புலனாயின. 17 நிமிடங்களில் அது மறைந்தது.